மூத்தவர் கால்களைப் பார்த்து டிரம்ஸ் வாசித்த கதை

ரூத்துக்கும் டேவிட்டுக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் என் முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம் அல்லவா, ரூத்? சீட்டு எழுதும் பெண், "என்ன வேலைங்க ஐயா பாத்தீங்க?" என்று கேட்டாள். "டிரம்ஸ்" என்றேன். "அது சரிங்க, வேலை?" என்றாள். "அதுதாம்மா வேலை. முப்பத்தாறு வருசம்." அவள் பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்துப் பார்த்துவிட்டு, 'இதர' என்று எழுதினாள். நீ வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம், "அப்பா, அந்த இதர-ல என்னதான் பண்ணுனீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றாய். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் தம்பியிடம் கொடுத்துத் திருத்திக்கொள். அவன் பிழையை நீ திருத்து.

டிரம்ஸ் கற்றது பெரிய கதை இல்லை. குன்னூரில் எங்கள் சர்ச் பவனிக்கு ஒரு டிரம் இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க யாருக்கும் முதுகு ஒத்துழைக்கவில்லை, எனக்கு ஒத்துழைத்தது. பிறகு பெங்களூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனேன். அங்கே வாசித்துக்கொண்டிருந்த டிரம்மருக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் அவர் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் குணமாகி வந்து கேட்ட முதல் கேள்வி, "யாருய்யா என் தோலைக் கிழிச்சது?" என்பதுதான். டிரம் தோலைத்தான் சொன்னார். ஆனாலும் என்னைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ஆறு வருடம் கழித்து மலையேறி வந்தபோது ஜாஸ், ஃபங்க் இரண்டும் என் கையில் இருந்தன.

அவை என்ன என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். ஜாஸ் என்றால் நாலு பேர் டீக்கடையில் பேசிக்கொள்வது மாதிரி. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் 'அட', 'அப்புறம்' என்று எடுத்துக் கொடுப்பார்கள். டிரம்மர்தான் அந்த 'அப்புறம்'. ஃபங்க் வேறு. அதில் எங்கே அடிக்கிறோம் என்பதைவிட எங்கே அடிக்காமல் விடுகிறோம் என்பது முக்கியம். இருட்டில் படி இறங்கும்போது இருக்கும் என்று நினைத்த ஒரு படி இல்லாமல் போனால் வயிற்றுக்குள் ஒரு குழி விழுமே, அந்தக் குழிக்காகத்தான் ஆட்கள் எழுந்து ஆடுகிறார்கள்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றிலும் நான் வாசிக்காத இடம் குறைவு. மே மாத சீசனில் ஹோட்டல், ஞாயிறு காலை சர்ச், பள்ளிக்கூட விளையாட்டு விழா, ஒரு மாதம் சர்க்கஸ்கூட. சர்க்கஸில் கயிற்றின்மேல் நடக்கும் பெண் தடுமாறினால் உடனே டிரம்மை விடாமல் முழக்க வேண்டும். ஒருநாள் முன்வரிசையில் ஒருவர் பெரிதாகத் தும்மினார். அவள்தான் தடுமாறினாள் என்று பதறி நான் முழக்கிவிட்டேன். அந்தப் பெண் கயிற்றின் நடுவில் அப்படியே நின்று, தனக்கே தெரியாமல் தடுமாறிவிட்டோமோ என்று தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

ஆனால் என் நிலையான வேலை ஃப்ளோரி மேடத்தின் குழுவில்தான். மூன்றே பேர். மேடம் பியானோ, துரைசாமி பேஸ் கிட்டார், நான் டிரம்ஸ். துரைசாமி கோயம்புத்தூரில் மில் கிளார்க் வேலையை உதறிவிட்டு வந்தவர். வாய் சும்மா இருக்காது. மேடம் அதற்கு நேர் எதிர். சாம்பல் நிற ஸ்வெட்டர், விரல் நுனி தெரியும்படி வெட்டிய கையுறை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நாங்கள் தப்பு செய்தால் பியானோவின் இடது கோடியில் ஒரே ஒரு கட்டையை அழுத்துவார். 'டொம்.' ஒரு டொம் என்றால், கவனித்துவிட்டேன். இரண்டு டொம் என்றால், உனக்கே தெரியும். மூன்று டொம் வாங்கினால் நிகழ்ச்சி முடிந்து எல்லோருக்கும் வரும் டீ உனக்கு மட்டும் ஆறிப்போய்த்தான் வரும். அதை எப்படிச் செய்தார் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

தோட்டத்து மேனேஜர்கள் கூடும் கிளப்பில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நடனம். அதற்கு மேடம் வைத்திருந்த முறைகளைச் சொல்கிறேன். நான்கு மணிக்கே போய்விடுவோம். ஆடும் மரத்தரையில் வழுக்கலுக்காக வெள்ளைப் பவுடர் தூவுவார்கள். அதன்மேல் நான் செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து, எங்கே அதிகம் வழுக்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு என் சிம்பல் தட்டுகளை மற்ற டிரம்மர்கள் வைப்பதைவிட ஒரு சாண் தாழ்த்தி வைக்க வேண்டும், தரை மறையக் கூடாது என்பதற்காக.

"சாம், உன் கண்ணு உன் கைமேல இருக்கக் கூடாது. தரைமேல இருக்கணும்" என்பார் மேடம்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. அங்கிருப்பவர்களில் மூத்த மேனேஜரும் அவர் மனைவியும் முதலில் இறங்கி ஆடுவார்கள். அதுவரை வேறு யாரும் நாற்காலியைவிட்டு எழ மாட்டார்கள். நான் கம்பி பிரஷ்ஷால் தோலை மெல்லத் தடவிக்கொண்டே காத்திருப்பேன். மூத்த ஜோடியின் கால்கள் எந்த வேகத்தில் போகின்றனவோ, அதுதான் அன்றைய வேகம். நான் அதைப் பிடித்துக்கொண்டால் பியானோவும் பேஸும் என் பின்னால் வரும்.

"மூத்த கால் சொல்றதுதான் வேகம். இளசுங்க எப்படியும் சமாளிச்சுக்கும்." இதுவும் மேடம் சொன்னதுதான். பதினோரு வருடம் இதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன். நான் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தேடியது வயதான கால்களைத்தான்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. நீங்கள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. பறிக்கிற கொளுந்து பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பு உயரம் இருக்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாக நின்றது. பெரிய எஸ்டேட்டுகளில் மூன்று பேர் பார்த்த வேலையை ஒரே மேனேஜர் பார்த்தார். கிளப் தரையில் ஜோடிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி நடனத்தன்று ஒரே ஒரு ஜோடிதான் வந்தது. அவர்களும் வீட்டிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஐயா ஒரு வேகத்தில் ஆடுகிறார், அம்மா வேறு வேகத்தில் ஆடுகிறார். நான் மேடத்தின் பக்கம் சாய்ந்து, "எந்தக் காலைங்க பாக்கறது?" என்று கேட்டேன்.

"அம்மா காலை" என்றார் மேடம், கண்ணை எடுக்காமல்.

பத்து நிமிடத்தில் ஐயாவின் காலும் அம்மாவின் காலோடு சேர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்கள் சமாதானம் ஆனார்கள், ஆனால் எங்கள் பிழைப்பு அன்றோடு சரி. கிளப் செயலாளர் வந்து, அடுத்த மாதத்திலிருந்து டேப்ரெக்கார்டர் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"அதுவும் நல்லதுக்குத்தானுங்க. அது டீ கேக்காது, வடை கேக்காது" என்றார் துரைசாமி.

மேட்டுப்பாளையத்தில் உங்கள் மாமாவின் உருளைக்கிழங்கு மண்டி இருந்ததல்லவா? அவர் அந்த வாரமே மேலே வந்தார். "மாப்ள, மண்டியில மூட்டை எடை போட்டு எழுதறதுக்கு ஆளு வேணும். நம்பிக்கையான ஆளு. நீங்க வந்துருங்க. ஊடு நான் பாத்து வெச்சுட்டேன்" என்றார். உங்கள் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, உங்கள் இருவரையும் பார்த்தாள். அதில் எல்லாம் இருந்தது. மாதக் கடைசிக்குள் நிலையாக வேலை அமையாவிட்டால் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். டிரம்ஸ் செட்டை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கேட்டார்கள். திங்கட்கிழமை அதன் பாட்டு வாத்தியார் ஜீப்போடு வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை போஜன் வந்தார். போஜன் குன்னூருக்குக் கீழே ஒரு ஹட்டியைச் சேர்ந்த படகர், சிறிய தேயிலைத் தோட்டக்காரர். ஹட்டி என்றால் படகர்களின் ஊர். அவர் மகள் மேடத்திடம் பியானோ படித்தவள். "ஞாயித்துக்கெழம என் பையன் கல்யாணமுங்க. பேசி வெச்ச பாட்டுக் குழு வரலைன்னுட்டாங்க. எங்க ஆளுங்களே பாடிருவாங்க, வாத்தியம் மட்டும் வேணும். நீங்க மூணு பேரும் வந்து மானத்தைக் காப்பாத்துங்க" என்றார்.

கடைசியாக ஒரு தடவை அடித்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். உங்கள் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஞாயிறு மதியம். காலையெல்லாம் பெய்த மழை விட்டு, மூட்டம் வீடுகளின் ஓடுவரை இறங்கியிருந்தது. வரிசையாக வீடுகள், எதிரே புல்தரை, அதில் பந்தல். ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் வெள்ளைத் துணி, மேலே போர்வை. படகர் ஆட்டம் வட்டமாக ஆடுவது. எல்லோருக்கும் ஒரே அடி, ஒரே திருப்பம். நான் அதுவரை தூரத்திலிருந்து பார்த்ததுண்டு, வாசித்ததில்லை. பாடுகிறவர் போஜனின் மைத்துனர். மைக்கைப் பிடித்து ஆரம்பித்தார். மேடம் என்னைப் பார்த்து 'பிடி' என்று கண்ணைக் காட்டினார். நான் வழக்கம்போல வயதான கால்களைத் தேடினேன்.

கிடைத்தன. மேடைக்குப் பக்கத்திலேயே போஜனின் பெரியப்பா நின்றிருந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது. வெள்ளைத் தலைப்பாகை, போர்வை, கல்யாணத்துக்காக வாங்கிய புது கேன்வாஸ் ஷூ. வருகிறவர்களெல்லாம் அவர் முன்னால் தலையைக் குனிவார்கள், அவர் ஒவ்வொரு தலையையும் தொட்டு ஆசி சொல்வார். அது அவர்கள் மரியாதை. ஆசி சொல்லிக்கொண்டே அவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வலது காலை இடது கால்மேல் ஒரு தேய்ப்பு, பிறகு தரையில் இரண்டு தட்டு. தேய்ப்பு, தட்டு, தட்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது சுத்தமான ஃபங்க் அல்லவா! தேய்ப்புக்கு ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு, தட்டுக்கு ஸ்நேர் என்ற சின்ன டிரம் என்று பிடித்துக்கொண்டேன். துரைசாமி புரிந்துகொண்டு அடியில் வந்து சேர்ந்தார். வட்டம் ஒரு நொடி தயங்கியது. விருந்தாளி வாத்தியக்காரர்கள் ஆயிற்றே என்று மரியாதைக்காக எங்களோடு ஒத்துக்கொண்டு சுற்றியது.

பெரியவரின் கால் வேகமெடுத்தது. நானும் எடுத்தேன். தேய்ப்பு-தட்டு-தட்டு, தேய்ப்பு-தட்டு-தட்டு. இன்னும் வேகம். பாடுகிறவர் சொற்களைப் பாதி பாதியாக விழுங்க ஆரம்பித்தார். வட்டத்தின் வெளிவரிசையில் இருந்த பிள்ளைகள் ஆடவில்லை, ஓடினார்கள். தலைப்பாகைகள் அவிழ்ந்தன. ஒரு பாட்டியம்மா போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பறந்தார்.

"சாமு, பிரேக் புடிக்கலியா? மலை எறங்கி பர்லியாரே தாண்டிட்டமப்பா!" என்று கத்தினார் துரைசாமி.

டொம் என்றது, பியானோவுக்குப் பதிலாக மேடம் கொண்டுவந்திருந்த கீபோர்டு. டொம். டொம். நான் நாலாவது டொம் வரை எண்ணினேன். அதற்குமேல் மேடத்துக்கே நேரம் கிடைக்கவில்லை.

எனக்கு என்ன சந்தேகம்? மூத்த கால் சொல்கிறது, நான் கேட்கிறேன். அந்தக் கால் திடீரென்று ஒரு துள்ளுத் துள்ளியது. நான் சிம்பலில் ஓங்கி ஒன்று வைத்தேன். கால் நின்றது. நானும் நின்றேன். நூறு பேர் சுற்றிய வட்டம் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்காரர்கள்மேல் போய் விழுந்தார்.

அந்த அமைதியில் பெரியவர் வேட்டியை முழங்கால்வரை தூக்கினார். வெள்ளைக் காலுறையில் ரத்தம். அதன் நடுவே, திராட்சை அளவுக்குக் குடித்துப் பருத்த ஓர் அட்டை.

ஈரத் தோட்டத்தின் வழியாக நடந்து வந்தபோது ஏறியது அது. தன் முன்னால் எல்லோரும் குனிந்துகொண்டிருக்கும்போது, மூத்தவர் தாமே குனிந்து அட்டையைப் பிடுங்க முடியுமா? அதனால் மனுஷர் நிமிர்ந்து நின்று ஆசி சொல்லிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் ஒரு காலால் மறு காலைத் தேய்த்து அதை விரட்டப் பார்த்திருக்கிறார்.

"உப்பு! உப்பு கொண்டாங்க!" என்று போஜன் கத்தினார். சமையல் பக்கமிருந்து ஒரு கை உப்பு வந்தது. அட்டை சுருண்டு விழுந்தது. பிறகு போஜன் என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஏனுங்க, எதுக்கு இப்படி அடிச்சீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "பெரியவர் கால் என்ன வேகத்துல போச்சோ, அதே வேகத்துல அடிச்சேனுங்க. எங்க வழக்கம் அது" என்றேன்.

பாடிய மைத்துனர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். "இவங்க வேண்டாம் மச்சான். ஊட்டுல டேப் இருக்குது. போட்டுக்கலாம்."

மறுபடியும் டேப். திங்கட்கிழமை வருகிற ஜீப்பும், மேட்டுப்பாளையத்துத் தராசும் கண்ணில் தெரிந்தன. கடைசி வாசிப்பு இப்படித்தானா முடிய வேண்டும் என்று குச்சிகளைப் பையில் வைக்கப் போனேன். அதற்குள் போஜன் நான் சொன்னதைப் பெரியவருக்குப் படக மொழியில் சொன்னார். பெரியவர் என்னைப் பார்த்தார், என் டிரம்ஸைப் பார்த்தார், கீழே உப்பில் கிடந்த அட்டையைப் பார்த்தார். பிறகு பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்த பிறகுதான் ஊருக்குச் சிரிக்கத் துணிவு வந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தக் கிளப்பிலும் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். போஜன் எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"ஒரு அட்டைக்கே இவ்வளவு மரியாதை குடுத்தவன், எனக்குக் குடுக்க மாட்டானாங்கறாரு."

சொல்லிவிட்டுப் பெரியவர் ஷூவையும் காலுறையையும் கழற்றினார். வெறுங்காலோடு புல்லில் இறங்கி வட்டத்துக்குள் நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிள்ளைகளே, என் முப்பத்தாறு வருடத்தில் கடினமான வேலை எது என்று கேட்டால் அதற்கு அடுத்து வந்த ஐந்து நிமிடத்தைத்தான் சொல்வேன். பாட்டு மெதுவாக ஆரம்பித்தது. நான் நாலு நாலாக எண்ணினேன், அது பாட்டோடு பொருந்தவில்லை. அவர் கால்களைப் பார்த்தேன். மூன்றும் மூன்றும், ஆறு. சரி, ஆறு. கால் தரையில் படும்போதெல்லாம் அடித்தேன். எண்ணிக்கை சரி, ஆனால் மூட்டை தூக்குகிறவன் நடை மாதிரி கனத்தது. வட்டம் பொறுத்துக்கொண்டது, அவ்வளவுதான். கீபோர்டிலிருந்து ஒரு டொம். எனக்குத் தெரியும் மேடம், ஆனால் என்ன என்று தெரியவில்லையே! என்னிடமிருந்த வித்தைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சிம்பலை விட்டேன். ஸ்நேரை விட்டேன். பெரிய டிரம்மும் ஒரு குச்சியும் மட்டும் மிச்சம்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. கால் இறங்குவதற்கு முன்னால் ஒரு கணம் காற்றிலேயே நிற்கிறது. அந்தக் கணத்தில் கை விரிகிறது, உடம்பு திரும்புகிறது. ஆட்டம் இருப்பது அங்கேதான். நான் அடிக்க வேண்டியது காலை அல்ல, விட வேண்டியது அந்தக் கணத்தை. என் வயிற்றுக்குத் தெரிந்த அதே குழி! அந்த ஓர் எண்ணிக்கையை வெறுமையாக விட்டேன்.

வட்டம் எழும்பியது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேரும் புல்லிலிருந்து ஒரு விரல் உயர்ந்த மாதிரி இருந்தது. மைத்துனரின் குரல் திறந்துகொண்டது. துரைசாமி முதல் தடவையாக வாயைத் திறக்காமல் வாசித்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, கட்டைகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். பெரியவர் இரண்டு சுற்று ஆடிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் நான்கு மணிவரை எங்களை விடவில்லை. நடுவில் துணிந்து கொஞ்சம் ஜாஸும் கலந்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டியம்மா போர்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, மறுபடி அந்த அட்டை ஆட்டம் போடச் சொல்லிக் கேட்டார். போட்டோம்.

சாமான்களை ஏற்றும்போது போஜனோடு நாலைந்து பேர் வந்தார்கள். "இந்த மாசமே எங்க ஊர்ல ரெண்டு கல்யாணமுங்க. கேத்தி பக்கம் என் மச்சினிச்சி ஊட்டுல ஒண்ணு. தை வரைக்கும் வரிசையா இருக்குது. நீங்கதான் வரணும்."

"தேயிலை இப்படிக் கெடக்கறப்பவா?" என்றார் துரைசாமி.

"கொளுந்துக்கு வெலை இல்லீங்க. அதுக்காகப் பசங்களைக் கட்டிக் குடுக்காம வெச்சிருக்க முடியுமா?" என்றார் போஜன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, உப்பு, மாப்பிள்ளை விழுந்தது, தை வரைக்கும் வரிசை. நீங்கள் இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து சமையல் பக்கம் போய்விட்டாள். கல்யாணத்தை நம்பி ஒரு குடும்பமா என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

திங்கள் காலை நான் அந்த ஆறு எண்ணிக்கை மறந்துவிடக் கூடாதே என்று உள்ளே மெல்லத் தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப் நின்றது. பாட்டு வாத்தியாரும் சாமான் தூக்க இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். நான் குச்சியை வைத்துவிட்டு எழுவதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள்.

"மன்னிச்சுக்கங்க சார், அது வேற ஆளுக்குப் போயிருச்சுங்க" என்றாள்.

"நேத்து வரைக்கும் எனக்குன்னுதானேங்க சொன்னீங்க? யாருக்குப் போச்சு?"

"உள்ள உக்காந்து தட்டிட்டு இருக்கறாரே, அவருக்குத்தானுங்க."

வாத்தியார் எட்டிப் பார்த்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டேன். நல்ல மனிதர், கோபம் வந்தாலும் சிரிப்பும் வந்துவிட்டது. ஜீப்பைத் திருப்பச் சொன்னார். அம்மா விடவில்லை.

"இத்தனை தூரம் ஆளுங்களோட வந்துட்டீங்க. ஒரு வாய் டீ குடிச்சுட்டு, அந்த பீரோவை மட்டும் பின்கட்டுக்கு நகத்திக் குடுத்துட்டுப் போயிருங்க. இவரு டிரம்ஸை முன்னறையில வெக்கணும். தை வரைக்கும் வேலை இருக்குது."